குரலுக்கு இரண்டு மதகுகள்



எழுதிய சொல் ஏட்டில் நிலைக்கிறது. பேசிய சொல் காற்றோடு கலந்துவிடுகிறது. மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு, ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் ஆக்குவதே தொழில். ஆயினும் ஒரு குரலின் குழைவை எந்த மொழியிலும் பெயர்த்தெழுத இயலாது. ஒலிப்பதிவு ஒன்றே அதனைக் காக்கவல்லது.

அந்தமானில் வாழ்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். 'போ' என்னும் பழங்குடி மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி முன்னரே பதிந்து வைத்தமையால் அவர் குரல் எஞ்சி நிற்கிறது.

தமிழுக்கு அத்தகைய அழிவு நேரவில்லை. ஆனால் நம் வீட்டு முதியோரின் பாட்டுகளைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியுமா? 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களிற் சில, நிக்கோபார்த் தொகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. அதன்பின், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்கு வந்து, எங்கள் தெருவில் குடியிருந்தார் ஒரு மூதாட்டி. 'அம்மாயி' என்றே அவரை அழைப்போம். தேயிலைத் தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நாவில் இருந்தன.

சிறிய மிக்ஸர் ஒன்றை வாங்கி, ஒரு மாலையில் அம்மாயியின் முன் மைக்கை வைத்தேன். மெல்லிய குரலில் பழங்கதை பேசினார். நன்கு கேட்கட்டுமென்று திருகைக் கூட்டினேன். திடீரென்று, இறந்த கணவரை நினைந்து ஒப்பாரி எடுத்தார். குரல் உச்சத்திற்கு ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கீழேயிருந்த நழுவு பிடியை இறக்கிவிட்டு, எல்லாம் சரியாயிற்று என்றிருந்தேன். இரவில் கேட்டபோது பேச்சு தெளிவாக இருந்தது. ஒப்பாரி முழுதும் உடைந்து கரகரத்தது. மறுமுறை பதிவதற்குள் அம்மாயி காலமாகிவிட்டார்.

என் பிழை யாது? மிக்ஸர் என்பது பல வாய்க்கால்கள் வந்து சேரும் குளம் போன்றது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இரண்டு மதகுகள் உண்டு. மேலே உள்ள 'கெயின்' திருகு முதல் மதகு. கீழே உள்ள நழுவு பிடி இரண்டாவது. முதல் மதகிலேயே வெள்ளம் கரையை உடைத்துவிட்டால், இரண்டாம் மதகை மூடுவதால் பயனில்லை. ஆகவே, பாடுபவரை முதலில் உச்சக் குரலில் ஓரடி பாடச் சொல்லுங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை அமைத்து, அதற்கும் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

இனி இணைப்புகளைப் பார்ப்போம். மூன்று முனைகளுள்ள பிளக்கை மைக்குக்குரிய துளையில் செருகவேண்டும். கண்டென்சர் வகை மைக்குக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். டைனமிக் வகைக்கு வேண்டியதில்லை. அந்த மின்விசையைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஒலியை முற்றும் தாழ்த்தி வையுங்கள்.

பழைய கேசட்டிலிருந்து தந்தையார் குரலை மீட்க விரும்புவோர், கேசட் கருவியை 'லைன்' என்று குறித்த துளையிலேயே இணைக்கவேண்டும். மைக் தருவது வோல்ட்டில் ஆயிரத்திற் சில பங்கு; கேசட் கருவி தருவதோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனை மைக் துளையில் செருகினால் ஒலி சிதையும். கலந்த ஒலியை, மிக்ஸரின் வெளித்துளையிலிருந்து பதிவுக்கருவியின் 'லைன்' துளைக்குக் கொண்டுசெல்லுங்கள். யு.எஸ்.பி. வசதியுள்ள மிக்ஸராயின் கணினியில் நேரே பதியலாம். பதியும் அறையில் ஒலிபெருக்கி வேண்டாம், அது ஊளையிடும். ஹெட்போனில் கேளுங்கள்.

'ங்ம்' என்ற இரைச்சல் எழுந்தால், கருவிகள் அனைத்தையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். எர்த் முனையை மட்டும் ஒருபோதும் நீக்கவேண்டாம்; அது உயிர்காப்பது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிளக்குகளை அரிக்கும். அவற்றைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

நேயர்களே! அம்மாயியின் ஒப்பாரிச் சொற்களை, உடைந்த ஒலியிலிருந்து இயன்றமட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இராகம் திரும்பவில்லை. ஊரைவிட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். இங்கில்லாவிடில், விடுமுறைக்குச் செல்லும் சொந்த ஊரில் இருப்பார். அவரை அமரச் செய்து, முதல் மதகைச் சரிபார்த்து, அவர் குரலை இவ்வாரமே பதிந்துகொள்ளுங்கள்.