வரி கட்டுகிறவர்களையும் கேளுங்கள்

ஷிப்டு முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. 2016 நவம்பரில் அங்கே வாக்குச்சீட்டில் ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிட்டார்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சாலைக்கும் பணம் வேண்டும், விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக்கொள்ளலாமா? மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால்தான் அது செல்லும். எழுபது சதவீதத்துக்கும் மேலானவர்கள் சம்மதித்தார்கள். எதற்கென்று தெரிந்தால் ஜனங்கள் கொடுக்கிறார்கள் ஐயா!

இங்கே நம்மை யார் கேட்டார்கள்?

விற்பனை வரி நமக்குப் புதிதல்ல. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட, 1939-இல் இராஜாஜியின் அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கே அதில் முன்னோடி நாம்தான். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், சுங்கத்தை நீக்கிய முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பண்டத்தின் மேல் விழும் வரி ஜனங்களை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்பதற்கு அந்தப் பட்டம் ஒன்றே போதும்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. சரக்கு எங்கே செய்யப்படுகிறது என்பது அதற்குக் கணக்கில்லை. எங்கே வாங்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நீங்கள் முறுக்கிய போல்ட்டோடு ஒரு கார் லக்னோவில் விற்பனையானால், மாநிலத்துக்குரிய வரி உத்தரப் பிரதேசத்துக்குப் போகும். முன்பு மத்திய விற்பனை வரி என்று ஒன்று இருந்தது. நாலு சதவீதமாக இருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டாலும், சரக்கு கிளம்பிய மாநிலத்துக்குத்தான் அது வந்தது. இப்போது அதுவும் இல்லை. ஏழை மாநிலங்களுக்கு வரி போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரி ஓடித் தேய்ந்த சாலையும், வற்றிய கிணறும், குவிந்த குப்பையும் இந்த ஊரில்தானே கிடக்கின்றன?

சொத்து வரியையும் பார்த்தோம். 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தி அறிவித்தார்கள். மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்றார்கள். வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. வாடகை ஏறியபோது ரூமில் நாலு பேராகத் தங்கியிருக்கும் உங்களையும் கேட்கவில்லை.

இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது தொழில் வரியைப் பற்றி. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பிடித்தம் செய்து உள்ளாட்சிக்குக் கட்டும் தொகை அது. டெல்லிக்கும் போகாது, கோட்டைக்கும் போகாது. நீங்கள் வேலை செய்யும் ஊருக்கே வரும் பணம். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு சொல்கிறது. 1988-இல் வைத்த உச்சவரம்பு, இன்றும் அதேதான். மாதம் பல லட்சம் வாங்கும் அதிகாரியிடமும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. இந்த வரம்பை நாடாளுமன்றம் உயர்த்த வேண்டும். அந்தச் சுமை மேல்தட்டுச் சம்பளத்தின் மேல் மட்டும் விழ வேண்டும்.

சரி, இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்கிறார்கள்? கேட்கும் இடம் கிராம சபை. அதில் உறுப்பினர் யார்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். திருவண்ணாமலையிலிருந்து வந்த தங்கைக்கு ஓட்டு அங்கே. ஒடிசாவிலிருந்து வந்த தம்பிக்கு ஓட்டு ஒடிசாவில். வரி இங்கே, வாய் அங்கே!

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விடுதிச் சாப்பாடு உடம்புக்கு ஆகாமல் போய், பெண் தொழிலாளர்கள் இரவெல்லாம் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் தங்கள் குறையைச் சொல்ல ஒரு சபை இருந்திருந்தால் நடுரோட்டுக்கு ஏன் வருகிறார்கள்? பின்னால் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் படுக்கை கொடுத்தவர்கள், பேச ஓர் இடமும் கொடுக்க வேண்டும்.

இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்கள் ஓட்டை இங்கே மாற்றுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. காண்ட்ராக்டில் வந்து போகிறவர்களால் அது முடியாது. அவர்களையும் கிராம சபையில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள் என்று ஊராட்சித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்துக்குக் கை தூக்குவது உறுப்பினர்களாகவே இருக்கட்டும். குறையைச் சொல்லும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் வேண்டும். தொழில் வரி எந்தக் கம்பெனியிலிருந்து எவ்வளவு வந்தது, தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு போனது என்று கணக்கைப் பெயர் பெயராக வாசியுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணத்தில் முதல் வேலை எது என்று சபையிடமே கேளுங்கள்.

மே முதல் தேதி கிராம சபை நாள். தொழிலாளர் தினமும் அதுவே. அன்றைக்கு உங்களுக்கு லீவு. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன்.