குறியும் கண்ணும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துப்பாக்கி சுடும் திடலிற் கண்ணைக் காத்தல் பற்றிச் சில வார்த்தைகள் பேச எழுந்துள்ளேன். சமயச் சங்கத்தில் துவக்குப் பேச்சு எதற்கென்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாட்டில் அச்சொல்லே பலருக்குக் கசக்கும், அது நியாயமே. நான் பேச வந்தது போரைப் பற்றியன்று, விளையாட்டைப் பற்றி. 1896 இல் அதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே குறிபார்த்துச் சுடுதல் ஒரு போட்டியாக இருந்தது. அதனை விரும்பும் வாலிபர் முதலிற் கற்க வேண்டியது குறியன்று, காவல் என்பதே என் கருத்து.

"கண்ணை இமை காப்பது போல" என்கிறோம். காற்றில் வரும் தூசிக்கு இமை போதும், திடலிற் போதாது. போட்டிக்குரிய காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு 4.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. விநாடிக்கு ஏறக்குறைய 170 மீற்றர் வேகத்திற் செல்லும் அது, 10 மீற்றர் தூரத்தைக் கடக்க விநாடியிற் பதினேழில் ஒரு பங்கு போதும். ஒரு முறை இமைப்பதற்கோ விநாடியிற் பத்தில் ஒரு பங்கேனும் வேண்டும். முந்தி மூடினாலுந்தான் என்ன? உடம்பில் மிக மெல்லிய தோல் இமையின் தோலே.

"குண்டு முன்னே தானே செல்கிறது, சுடுபவன் கண்ணுக்கு என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். கடினமான பொருளிற் பட்ட குண்டு முழுதாகவோ துணுக்காகவோ திரும்பித் தெறிக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில், தோட்டாவின் வெற்றுக்கோது சூடாக வெளியே பாய்வதுண்டு. கோது பிளந்துவிட்டாலோ, சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் முகத்தை நோக்கியே வரக்கூடும். ஆகவே சுடுபவர் மாத்திரமன்றி, அருகில் நிற்பவரும், புள்ளி எழுதுபவரும், வேடிக்கை பார்க்க வந்த தம்பியுங்கூடக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

எந்தக் கண்ணாடி? வாசிக்க அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடி காவலாகாது. அதன் வில்லை உடைந்தால் அத்துணுக்கே கண்ணுக்கு அம்பாகும். பக்கங்களும் திறந்தே இருக்கும். பொலிகாபனேற்று என்னும் எளிதில் உடையாத பொருளாற் செய்யப்பட்டு, பக்கங்களையும் மறைக்கும் காப்புக் கண்ணாடியே வேண்டும். அமெரிக்க நாட்டின் நியமமொன்று, 6.35 மில்லிமீற்றர் உருக்குக் குண்டை விநாடிக்கு ஏறக்குறைய 46 மீற்றர் வேகத்தில் எறிந்து இத்தகைய கண்ணாடியைச் சோதிக்கின்றது. தெறித்து வரும் துணுக்குக்கே இது காவல். நேரே வரும் சூட்டுக்கு அன்று.

2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், துருக்கி வீரர் யூசுப் டிக்கெச் சாதாரண மூக்குக்கண்ணாடியுடன், ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டபடி சுட்டு, கலப்பு அணிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற படத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டு காவல் வேண்டாமென எண்ணுதல் தவறு. மற்ற வீரர் அணிந்த விசித்திரமான வில்லையும் மறைப்பும் குறிக்கு உதவுவன, கண்காவல் வேறு. சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் விதி, சுடுவோர் உடையாத கண்ணாடி அணியும்படி வற்புறுத்துகின்றதேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயம் இல்லாத இடத்திலேதான் ஒருவனுடைய ஒழுக்கம் வெளிப்படும்.

கண்ணாடி மாத்திரம் போதாது. துப்பாக்கி எப்பொழுதும் நிரம்பியே உள்ளது என்று கருதுங்கள். அதன் வாய் இலக்கின் திசையை விட்டு விலகலாகாது. சுடுங் கணம் வரை விரல் விசையிற் படலாகாது. "நிறுத்து" என்ற கட்டளை கேட்டவுடன் நிறுத்துங்கள். குண்டறை வெறிது என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிய பின்னரே, அனுமதி பெற்று, சுடுகோட்டுக்கு முன்னே செல்லுங்கள். கண்ணாடியை முதலில் அணிந்து கடைசியிற் கழற்றுங்கள். காதுக்கும் அடைப்பு வேண்டும். ஈயம் பட்ட கையாற் கண்ணைக் கசக்காமல், சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

ஒரு கண் போனால் மறு கண் இருக்கிறதே என்று யாரும் துணிய வேண்டாம். 1809 இல் பிரான்சிற் பிறந்த லூயி பிறெயில், மூன்று வயதில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணிற் காயமுற்றார். நோய் மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதில் இரண்டும் இருண்டன. பார்வையற்றோர்க்கு எழுத்தை அளித்த மேதையே ஆயினும், அவர் இழந்த ஒளி மீளவில்லை.

ஆகவே கண்ணில் ஏதும் தைத்தால் கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள், நீர் விட்டுக் கழுவாதீர்கள். கடதாசிக் கோப்பை போன்ற ஒன்றால் அழுத்தாமல் மூடி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் கண்ணப்ப நாயனாரும் குறி தவறாத வேடரே. காளத்தியில் இறைவன் கண்ணிற் குருதி கண்டு, தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பினார். மறு கண்ணையும் இடக்கப் போகையில் இறைவனே கை பிடித்துத் தடுத்தான். அன்பினாற் கொடுத்த கண் காணிக்கை. அசட்டையால் இழந்த கண் வெறும் நட்டமே. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. இறைவன் தந்த ஒளியைக் காப்பதும் ஒரு வழிபாடே என்று கூறி அமர்கின்றேன்.