தாயின் இரவுப் பணி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிய ரயில்வே குமாஸ்தா. ஆயினும் எட்டு ஆண்டுகளாக நீரிழிவுற்ற பிள்ளைக்குத் தந்தையாக இருப்பவன் என்ற உரிமையில் பேசத் துணிந்தேன்.

எம் மகனுக்கு 11 வயதில் இந்நோய் கண்டது. அடங்காத தாகம், கண்ணெதிரே உடல் மெலிவு. "இனிப்பைக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்தாள்" என்றனர் சிலர். அஃது உண்மையன்று. இளம்பருவத்தில் வரும் இவ்வகை நீரிழிவு, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிப்பதால் வருவது. ஆனால் அச்சொல் என் மனைவியின் நெஞ்சில் தைத்தது தைத்ததுதான்.

1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இத்தகைய பிள்ளைகள் நெடுநாள் பிழைப்பதில்லை. இன்றோ வளர்ந்து ஆளாகின்றனர். அப்போது தாய் என்ன ஆகிறாள் என்று வினவுவோரில்லை.

ஏழு ஆண்டுகள் அவள் இரவு 2 மணிக்கு எழுந்து மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவாள். சென்ற ஆண்டு அவன் படிப்பின் பொருட்டு விடுதிக்குச் சென்றான். இன்றும் 2 மணிக்கு அவள் விழித்துக்கொள்கின்றாள். தொட்டுப் பார்க்க நெற்றியில்லை. தொலைபேசியில் கேட்டால், "எனக்குத் தெரியும் அம்மா" என்று எரிந்து விழுகின்றான். அவனுக்குத் தெரியும் என்பதும் மெய்யே.

ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பணி மாறுங்கால், போகிறவரும் வருகிறவரும் டைரியில் கையொப்பமிடுவர். பிறகு போகிறவர் வீடு சென்று உறங்கலாம். நாங்களோ சிறிது சிறிதாக அவன் கையில் விடவேண்டிய பொறுப்பை, ஒரே நாளில் பெட்டி படுக்கையுடன் ஏற்றி அனுப்பினோம். என் பிழை இன்னும் பெரிது. அந்த ஏழு ஆண்டுகளில் 2 மணிப் பணியை நான் ஏற்ற இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சென்ற மாதம் அவளுக்குத் தலைசுற்றல். இரத்தக் கொதிப்பு என்றார் மருத்துவர். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடையில்லை. அத்தனை ஆண்டுகளும் மருத்துவமனைக்குப் போனவள் தன்னை ஒருமுறையும் காட்டிக்கொண்டதில்லை.

இப்பொழுது மகன் படுக்குமுன் சர்க்கரை அளவை எனக்கே தெரிவிக்கின்றான். அவன் அறைத் தோழனுக்கும் அறிகுறிகளைச் சொல்லி வைத்திருக்கின்றோம். அவள் 2 மணிக்கு எழுந்தால் நானும் எழுகின்றேன்.

நம் காலனியில் இத்தகைய தாய்மார் இன்னும் உளர். பெண்பிள்ளையாயின் வரன் தட்டிப்போகும் என்று மறைப்பாரும் உளர். ஞாயிறு மாலைகளில் எம் இல்லம் வாருங்கள். என் மனைவி உங்கள் பிள்ளையின் சர்க்கரையை முதலில் கேட்கமாட்டாள். நீங்கள் உறங்கினீர்களா என்றே கேட்பாள்.