தொழுவமும் சொல்லும்



தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துரைக்கின்றது. கன்று என்பது அவற்றுள் ஒன்று. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கொண்டவர் நம் முன்னோர். அச்செல்வமும் அதனைச் சார்ந்த சொற்களும் தோட்டத் தொழிலாளரோடு கடல் கடந்து இம்மண்ணுக்கு வந்தன.

செமினியைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறம் மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கும் முன்னர்க் கறந்தாக வேண்டும். பால்மரம் வெட்டித் திரும்பியபின் புல்லறுக்க வேண்டும். கூலி போதாத இல்லங்களில் பால் விற்ற காசே பிள்ளைகளின் பாடநூலாயிற்று.

அம்மக்களின் பேணுமுறையில் அறமும் அறிவும் இணைந்திருந்தன. முதலில் கன்றை ஊட்டவிட்டுத் தாய்ப்பசுவைச் சுரக்கச் செய்தபின்பே கறந்தனர்; ஒரு காம்பைக் கன்றுக்கென விட்டுவைத்தனர். பசு ஈன்றால் இளங்கொடி விழும்வரை இரவெல்லாம் விழித்திருந்தனர். அதனை நாய் தீண்டாதவாறு வைக்கோலில் பொதிந்து, பாலுள்ள மரத்தில் கட்டினர். தாயகத்தில் அது ஆலமரம். என் பாட்டியாருக்கோ லயத்தருகே நின்ற இரப்பர் மரமே ஆலமரமாயிற்று. சீம்பாலைக் கன்று வயிறாரக் குடித்தபின், எஞ்சியதை வெல்லமிட்டு அவித்து அண்டை வீட்டார்க்கும் பகிர்ந்தனர். பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்று குடிக்கும் சீம்பாலே அதற்கு நோயெதிர்ப்பு ஆற்றல் தருவது என்று இன்றைய கால்நடை மருத்துவமும் கூறுகின்றது. தை இரண்டாம் நாளில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணந்தீட்டி, புதுக்கயிறு பூட்டி, பொங்கலை ஊட்டியபோது நன்றியறிதல் விழாவாக மலர்ந்தது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாயின. ரிஞ்சிங் என்னும் தோட்டப் பெயர் இன்று ஒரு குடியிருப்பு நகருக்கும் பெயராக விளங்குகின்றது. அடுக்குமாடி வீட்டில் தொழுவத்துக்கு இடமில்லை. மாடுகள் விற்கப்பட்டன, அவற்றோடு சொற்களும் சென்றுகொண்டிருக்கின்றன.

அண்மையில் மாணவர் சிலரிடம் கிடாரி என்றால் என்ன என்று வினவினேன். ஒருவரும் அறியவில்லை. குற்றம் அவர்களுடையதன்று, காணாத பொருளின் பெயரைப் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்? கிடாரி என்பது இன்னும் ஈனாத இளம்பசு. தலையீற்று என்பது அதன் முதல் ஈற்று. வற்றுக்கறவை என்பது பால் வற்றிவரும் பசு. ஒவ்வொரு சொல்லும் ஒரு பருவத்தைக் குறிக்கின்றது. அப்பருவத்துக்குரிய கவனிப்பையும் நினைவூட்டுகின்றது.

மாடு வளர்த்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். வரும் பொங்கலுக்குள் ஒவ்வொரு மாணவரும் ஒரு பெரியவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த தொழுவச் சொற்களையும் அவை வழங்கிய சூழலையும் எழுதிக்கொள்ளட்டும். அவற்றைத் தொகுத்து நூலாக்கும் பணியை இம்மன்றம் ஏற்க வேண்டுமென வேண்டுகின்றேன். கொட்டகைகளை மீட்டெடுக்க நம்மால் இயலாது. அங்கு வழங்கிய தமிழைக் காப்பது இன்னும் நம் கையில் உள்ளது.