பள்ளி திறக்கும் நாளில் ஒரு சபதம்



பள்ளிகள் திறக்கும் வேளை இது. பாடநூல்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் பரீட்சை முடிந்ததும் அவை மூடப்படுகின்றன. பலருக்கு வாசிப்பும் அத்துடன் முடிந்துபோகிறது. ஆதலின் நமது வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு வாசிப்புப் போட்டியை உங்கள் முன் வைக்கின்றோம்.

ஒரு தவணைக்குள் நான்கு நூல்கள். முதலாவது, சமய நூல். இரண்டாவது, விஞ்ஞானம் அல்லது சரித்திரம். மூன்றாவது, மலையக எழுத்தாளர் ஒருவரின் நூல். நான்காவது, வீட்டிலுள்ள முதியவர் கேட்க உரக்க வாசிக்கும் நூல். விரைவுக்குப் பரிசில்லை, படித்ததைத் தம் சொல்லில் சபையில் எடுத்துரைப்போருக்கே பரிசு.

“பாடமே சுமை, இது வேறா?” எனப் பெரியோர் கேட்கலாம். பாடநூல் பரீட்சைக்கு உதவும். நம்மை நாமே அறிய வேறு நூலும் வேண்டும். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றோராக்கிற்று. அம்மக்களின் வாழ்வை அவர் எழுதி வைத்தார். அவர்கள் பாடிய பாடல்களையும் திரட்டினார். எழுதியவர் தம் கடமையைச் செய்தார். வாசிப்பது நம் கடமையன்றோ?

பெரியோர்களே, மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி உதவுங்கள். உரிய நாளில் கிள்ளாத கொழுந்து முற்றிப்போகும். வாசிப்புப் பழக்கமும் அத்தகையதே. இளமையிலேயே தொடங்குவோம்.