சம்பந்தம் பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! அன்பார்ந்த இளைஞர், யுவதிகளே!

திருமணம் பேசும்போது மார்க்கப்பற்று, குணம், குடும்பம், தொழில் என அனைத்தையும் விசாரிக்கின்றோம். ஆனால் பிறக்கவிருக்கும் குழந்தையின் வாழ்வோடு தொடர்புடைய ஒரு விடயத்தைக் கேட்க மறந்துவிடுகின்றோம். அதுவே தலசீமியா பற்றிய இரத்தப் பரிசோதனையாகும்.

தலசீமியா தொற்றுநோயன்று, பரம்பரை வழியாக வரும் குருதி நோயாகும். இதன் பரம்பரையலகைத் தாயிடமிருந்து அல்லது தந்தையிடமிருந்து மட்டும் பெற்றவர் 'நோய்க்காவி' எனப்படுவார். அவர் பெரும்பாலும் எவ்விதக் குறையுமின்றி வாழ்வார். தாம் காவி என்பதே அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் இரு காவிகள் மணமுடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25 ஆகும். முதற்குழந்தை சுகமாகப் பிறந்துவிட்டது என்பதற்காக அடுத்த குழந்தைக்கு இவ்வாய்ப்புக் குறைந்துவிடுவதில்லை.

கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை முதலில் நன்றாகவே இருக்கும். சில மாதங்களின் பின் வெளிறும், சோரும், வளர்ச்சி குன்றும், மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். சிலர் இதைக் கண்ணூறு என்பர். வேறு சிலர் சாதாரண இரத்தச் சோகை என எண்ணித் தாமாகவே இரும்புச்சத்து மருந்து கொடுப்பர். இரண்டும் தவறாகும். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் நம் கடமை. அவை இரத்தம் ஏற்றுவதற்குப் பதிலாக மாட்டா.

இக்குழந்தைக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் இரத்தத்திலுள்ள இரும்பை வெளியேற்றும் வழி நமது உடலில் இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகின்றது. அதை அகற்றவே தோலின் கீழ் இரவில் பல மணி நேரம் சிறு பம்பி மூலம் செலுத்தும் மருந்தும், வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் தரப்படுகின்றன. பிள்ளை அழுகின்றது என்று இதை நிறுத்திவிடாதீர்கள். படிந்த இரும்பு பிற்காலத்தில் இதயத்தையே தாக்கும். பொருத்தமான என்பு மச்சை கிடைத்தால் மாற்றுச் சிகிச்சை மூலம் பூரண குணமும் கிட்டலாம். நமது நாட்டில் குருணாகல் போதனா வைத்தியசாலையில் இந்நோய்க்கெனத் தனியான சிகிச்சை நிலையம் இயங்குகின்றது. சிகிச்சையை முறையாகத் தொடரும் பிள்ளைகள் படித்து, தொழில் செய்து, குடும்பமாகவும் வாழ்கின்றனர்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பரிசோதனை எதற்கு?" எனச் சிலர் கேட்பதுண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரழி) அவர்கள் பாதி வழியில் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா விரண்டோடுகிறீர்கள் என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே செல்கின்றோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பரிசோதனை செய்வதும் அவ்வாறே. தவக்குல், முயற்சியைக் கைவிடச் சொல்வதில்லை.

நெருங்கிய உறவினருக்குள் ஒரே பரம்பரையலகு இருக்கும் வாய்ப்பு அதிகம். மாமா மகள், மாமி மகன் திருமணம் மார்க்கத்தில் ஆகுமானதே. யாரும் அதை ஹராமாக்கவில்லை. ஆயினும் சிறு வயதிலேயே "இவனுக்கு இவள்" என்று முடிவு செய்து வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். உறவு இல்லாதோருக்கும் இது அவசியமே.

ஒருவர் காவி என்றால் அவருக்குத் திருமணமே இல்லை என்பது பொருளன்று. காவியல்லாத ஒருவரை அவர் தயக்கமின்றி மணக்கலாம். முடிவை வைத்தியரிடமே விளங்கிக்கொள்ளுங்கள். ஏனெனில் ஹீமோகுளோபின் ஈ போன்ற வேறு மாற்றங்களும் தலசீமியாவுடன் சேர்ந்து நோயை உண்டாக்கக்கூடும்.

பெற்றோர்களே! பெண் பிள்ளையின் முடிவு ஊருக்குத் தெரிந்தால் அவளது வாழ்வு பாதிக்குமே என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. எனவே ஆண் பிள்ளையின் வீட்டார் முதலில் முன்வரட்டும். அவர் காவியல்லர், வேறு மாற்றமும் அவரிடம் இல்லை என்று உறுதியானால் கவலை அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும். பிறருடைய முடிவை அறிந்தவர்கள் அதை அமானிதமாகப் பேணட்டும். திகதி குறித்து, அழைப்பிதழ் அச்சிட்ட பின்னர் பரிசோதித்து இரு குடும்பங்களையும் தர்மசங்கடத்தில் ஆழ்த்தாதீர்கள். பேச்சு ஆரம்பிக்குமுன்னரே, முடியுமானால் பாடசாலைக் கல்வி முடிந்தவுடனேயே, இதைச் செய்து கொள்ளுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. 18 முதல் 60 வயது வரையிலான ஆரோக்கியமானவர்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். யாரோ ஒரு முகமறியாத குழந்தை அடுத்த மாத இரத்தத்திற்காகக் காத்திருக்கின்றது. மஹல்லாவின் மஸ்ஜிதிலேயே ஒரு முகாமை ஒழுங்கு செய்யுங்கள்.

நோயுற்ற குழந்தைகளுக்கு அல்லாஹ் பூரண ஷிபாவையும், அவர்களைப் பராமரிக்கும் உம்மா, வாப்பாமாருக்குப் பொறுமையையும் கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.