தலைசுற்றல்: பித்தமா, காதா, மூளையா?

(கோலசிலாங்கூர் வட்டாரத்து மூத்தோருக்கு ஆற்றிய உரை)



கிளினிக்குக்கு வந்து "தலை சுற்றுது டாக்டர்" என்று பத்துப் பேர் சொன்னால், பத்துப் பேரும் ஒன்றையே சொல்வதில்லை. ஒருவருக்கு வீடே சுழல்கிறது. இன்னொருவருக்கு எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மற்றொருவருக்குத் தலையில் ஒன்றுமில்லை, நடக்கும்போது கால்தான் தள்ளாடுகிறது. தமிழில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. சுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம், கண் இருட்டல், தள்ளாட்டம் என்று வீட்டில் சரியாகத்தான் சொல்கிறோம். மலாய் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் "பெனிங்" என்று முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பிரஷர் பார்ப்பார், மாத்திரை எழுதுவார்.

"பித்தம்" என்று சொன்னால் இன்னும் குழப்பம். மலாயில் "பித்தாம்" என்று ஒரு சொல் இருக்கிறது. மயங்கி விழுவதற்கு அந்தப் பெயர். "நாயேக் பித்தாம்" என்றால் கோபம் தலைக்கேறியது என்று பொருள். நாமும் "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறோம், பாருங்கள். நீங்கள் பித்தம் என்று சொல்ல, நினைவு தப்பி விழுந்ததாக அவர் எழுதிக்கொள்ளக்கூடும். அறை சுழல்கிறதா? விரலால் சுற்றிக் காட்டுங்கள், போதும். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

பித்தத்தின் மேல் பழியைப் போட்ட நம் முன்னோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலை கடுமையாகச் சுற்றினால் வாந்தி வரும். வெறும் வயிறாக இருந்தால் மஞ்சளாக, கசப்பாகப் பித்தநீர் வரும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் வரிசை வேறு. சுற்றல் முதலில் வந்தது, அதனால் வாந்தி வந்தது, வயிற்றில் வேறொன்றும் இல்லாததால் பித்தநீர் வந்தது.

உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை வாட்டிய நாட்கள் அவை. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து அந்தக் காய்ச்சலை அடக்கினார். சிலாங்கூர் தோட்டங்களில் பாட்டாளிகளுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். கொயினா அதிகமானால் காதில் வண்டு இரைவதுபோல் சத்தம் கேட்கும், தலை சுற்றும். காதுக்கும் தலைசுற்றலுக்கும் உறவு உண்டு என்பதை அன்றே பலர் தங்கள் உடம்பில் அறிந்திருந்தார்கள், பெயர்தான் தெரியாது.

அந்த உறவு இதுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் நீர் நிறைந்த மூன்று வளைந்த குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. பக்கத்து அறையில் மிக நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளோ அதே பொருள்தான் அவையும். வயதாகும்போது, அல்லது தலையில் அடிபட்டால், சில துகள்கள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. பிறகு படுக்கையில் புரண்டால், அண்ணாந்து பார்த்தால், குனிந்து நிமிர்ந்தால், துகள் உருண்டு நீரைக் கலக்கும். தலை நின்ற பிறகும் சுழல்வதாக மூளை நினைக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடம் உயிரே போவதுபோல் இருக்கும்.

செம்பனை வெட்டியவர்களுக்கு இது நன்றாக விளங்கும். நாட்டிலேயே முதன்முதலில் வாணிபத்துக்காகச் செம்பனை பயிரிட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். அன்றிலிருந்து இந்த வட்டாரத்து ஆண்கள் குலை பார்த்து அண்ணாந்தே வாழ்ந்தவர்கள். வேலையை விட்ட பிறகும் சாமி மாடத்து விளக்கை எடுக்க, அலமாரியின் மேல் தட்டிலிருந்து டப்பாவை இறக்க, தலையை அண்ணாந்துதானே ஆகவேண்டும்? சுற்றுவது அப்போதுதான்.

இதற்கு மருந்து கடையில் இல்லை. மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் அதை விழுங்கும் பெரியவர்களுக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் கூடும். சிலவகை மாத்திரைகளால் கை நடுக்கம்கூட வரும். செய்யவேண்டியது வேறு. கட்டிலில் படுக்கவைத்து, தலையை ஒரு முறைப்படி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, துகளை வந்த இடத்துக்கே அனுப்புவது. ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறை இது. மாத்திரை இல்லாமல் தலையைத் திருப்பியே குணமாக்குவதை அவருடைய சக டாக்டர்களே முதலில் நம்பவில்லை. சில நிமிட வேலைதான். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடுகிறது. எந்தக் காது என்று பார்த்துத்தான் செய்யவேண்டும். கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேரப்பிள்ளை கைப்பேசியில் பார்த்துச் செய்துவிடுவது வேண்டாம்.

எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா? அது காது அல்ல, இரத்த அழுத்தம். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் அதற்குக் காரணம் தேடவேண்டும். பிரஷர் மாத்திரை, சிறுநீர் மாத்திரை, ஆண்கள் புரோஸ்டேட்டுக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் இதைச் செய்யக்கூடும். உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் தெரியாது. "நிற்கவைத்தும் பாருங்கள்" என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை. இரவில் பாத்ரூமுக்கு எழும்போது கட்டிலோரம் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். அந்த நான்கைந்து அடி தூரத்தில் விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியலாம்.

புரட்டாசிச் சனி விரதமும் தைப்பூச விரதமும் இருக்கும் இனிப்புநீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், கிறுகிறுப்பு வரும். சோதித்தால் 4க்குக் கீழே இருக்கும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலக்கிக் குடியுங்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

சினிமாவில் மருமகள் தலைசுற்றி விழுந்தால் வீடே சிரிக்கிறது. மாமியார் விழுந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். கோயில் திருவிழாவில் விழுந்தால் அருள் வந்துவிட்டது என்கிறார்கள். திடீரென்று வந்த சுற்றலோடு பேச்சுக் குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கால் விளங்காவிட்டால், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தால், பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். 999ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. எலுமிச்சம்பழச் சாற்றை வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட விரும்பினால், ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வீட்டிலிருப்பவர்கள் செய்யட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கியது, சூரணம், லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எதையும் விடாதீர்கள். இப்போது யாருக்காவது கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். உட்கார்ந்தபடியே கேட்கலாம்.